மஞ்சளுக்குப் பிறகுதான் நீலம்: கிளிஞ்சல் சலிக்கச் சிவகாசி போன கதை

போன மாதம் ஒரு வாசகர் கேட்டிருந்தார். "சிவகாசிக்கு எத்தனை நாள் ஒதுக்கலாம்? பட்டாசு வாங்குவதைத் தவிர அங்கே ஏதாவது இருக்கிறதா?" கேள்வியில் தப்பில்லை. ஆனாலும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அந்த ஊரில் பிறந்தவன் நான். ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு பேரழிவு பாறையில் விட்டுப்போன எல்லைக்கோட்டை, கலங்கலில்லாமல் காட்டிக் கொடுத்த ஊர் அது. காட்டிக் கொடுத்தபோது நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். பழைய பயணம்தான், ஆனால் பாதை இன்றும் அதே பாதை. போக நினைப்பவர்கள் படித்துவிட்டுப் போகட்டும்.

அறுபதுகளின் நடுப்பகுதி, ஆவணி மாதக் கடைசி. நான் சென்னையில் நிலவியல் ஆராய்ச்சி மாணவன். என்னோடு வந்தவன் சேது. கும்பகோணத்துக்காரன், ஹாஸ்டலில் என் அறைத் தோழன், காபியைக் குறை சொல்லாமல் குடிக்கத் தெரியாதவன். பாண்டிச்சேரிப் பக்கம் ஒரு கிணறு தோண்டும்போது வந்த ஷேல் பாறையில் அவன் ஆராய்ச்சி. ஷேல் என்பது கடலடிச் சேறு இறுகி, ஏடு ஏடாக உரியும் பாறை. அதைக் கரைத்துச் சலித்தால் கசகசாவில் பாதிகூட இல்லாத கிளிஞ்சல்கள் கிடைக்கும். ஒவ்வொரு அடுக்கிலும் ஒவ்வொரு கூட்டம். எந்தக் கூட்டம் என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அடுக்கின் காலத்தைச் சொல்லிவிடலாம், காலண்டரில் தாளைப் பார்த்துத் தேதி சொல்வது போல.

அதில் ஒரு கூட்டத்துக்குக் கிளிஞ்சலின் ஓரத்தில் இரட்டை வரம்பு இருக்கும். குளோபோட்ரன்கானா என்று வாயில் நுழையாத பெயர்; நாங்கள் 'வரம்புக்காரன்' என்போம். டைனோசார்கள் போன காலத்திலேயே வரம்புக்காரனும் போய்விட்டான். பாறையில் அந்தப் பேரழிவைக் குறிக்கும் கோட்டுக்குக் கீழே கைப்பிடி கைப்பிடியாக இருப்பான், கோட்டுக்கு மேலே இருக்க மாட்டான். புத்தகம் அப்படித்தான் சொன்னது. ஆனால் சேதுவுக்குக் கோட்டுக்கு மேலே எடுத்த பாறையில் மூன்று வரம்புக்காரர்கள் கிடைத்தார்கள்!

பேரழிவில் தப்பியவர்கள் என்றால் சும்மாவா? சேதுவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆய்வேட்டின் தலைப்பையே மாற்றி எழுதி வைத்துவிட்டான். எங்கள் பேராசிரியர் மட்டும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "கல்லை இன்னொரு தடவை கழுவிச் சலி. மறுபடி வந்தால் எழுது. வராவிட்டால் அந்த அத்தியாயமே வேண்டாம்" என்றார். மூன்று வருட உழைப்பு அந்த ஒரு வாக்கியத்தில் தொங்கியது. மிச்சம் இருந்தது கோட்டுக்கு மேலே எடுத்த கல் ஒன்று, கீழே எடுத்த கல் ஒன்று. கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் கட்டி முடித்தாகிவிட்டது, இனி எடுக்க வழியில்லை. கல்லூரியின் பழைய சல்லடையும் வலை தளர்ந்து கிடந்தது. புதிதாக வெளிநாட்டிலிருந்து வரவழைக்க அந்தக் காலத்தில் அனுமதி வாங்குவதற்குள் ஆளுக்கு நரைத்துவிடும்.

"சல்லடைக்குப் போய் சீமைக்கு எழுதுவானேன்? எங்க ஊருக்கு வா" என்றேன். பட்டாசுக்கான மருந்தை மாவு மாதிரி சலித்தாக வேண்டும். இரும்பு பட்டால் பொறி பறக்கும் என்பதால் மரச்சட்டம், பித்தளைக் கம்பி வலை. எங்களுக்கும் அதுவேதான் தேவை.

மாலையில் எழும்பூரில் ரயில் ஏறி, மறுநாள் காலையில் விருதுநகரில் இறங்கினோம். கற்களும் கல்லூரி மைக்ராஸ்கோப்பும் இருந்த டிரங்குப் பெட்டியைச் சேது ராத்திரி முழுக்கக் காலடியிலேயே வைத்திருந்தான். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் அவனுக்கு அடுக்குத் தும்மல். மிளகாய் வத்தல் மூட்டைகள் வண்டி வண்டியாகச் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தன. எனக்கு அந்த நெடி பட்டால்தான் ஊருக்கு வந்த நினைப்பே வரும். இட்லி சாப்பிட்டுவிட்டு சிவகாசி பஸ் பிடித்தோம். இருபத்தாறு கிலோமீட்டர், நின்று நின்று போனதில் ஒரு மணி நேரம். டிக்கெட் ஒரு ரூபாய்க்குள் அடங்கியது. திருத்தங்கல் தாண்டியதும் சாலையோரம் நீலமும் சிவப்பும் பச்சையுமாகச் சாயம் போட்ட காகிதங்கள் வெயிலில் காய்வதைப் பார்த்துச் சேது வாயைப் பிளந்தான். வெடிக்குச் சுற்றுகிற காகிதம் அது. ஊரே திருவிழாக் கோலத்தில் இருப்பதாக அவன் நினைத்துவிட்டான். எங்களுக்கு அது சாதாரண செவ்வாய்க்கிழமை.

என் அக்கா பாக்கியத்தின் வீட்டில் தங்கினோம். வாசலிலேயே அவள் டிரங்குப் பெட்டியை வாங்கி ஓரமாக வைத்தாள். "வாங்க தம்பி. ரயில்ல தூங்கினீகளா? மொதல்ல சாப்பிடுங்க. கல்லு எங்கனயும் ஓடிப்போகாது."

சாப்பிட்டுவிட்டுச் சல்லடைக் கடைக்குப் போனோம். தீபாவளி நெருங்குகிற நேரம், லோடு லாரிகள் தெருவை அடைத்துக்கொண்டு நின்றன. கடைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "சீசன்ல வந்து நைஸ் சல்லடை கேக்கீகளே! ஒண்ணே ஒண்ணுதான் கெடக்கு. அடுத்தது தீபாவளி களிஞ்சுதான்." வாங்கினோம். வலையை வெயிலில் பிடித்துப் பார்த்த சேது, கல்லூரியில் இருப்பதைவிட இது உசத்தி என்று அவன் வாயாலேயே சொன்னான். நான் பெருமையை அனுபவித்தேன்.

அக்காவுக்குத்தான் திருப்தியில்லை. "ஒத்தச் சல்லடையா ரெண்டு கல்லுக்கும்? கம்பெனில ஒரு மருந்துக்கு ஒரு சல்லடைன்னுல்ல வச்சிருக்காக?"

"நல்லா அலம்பிட்டாப் போதும் அக்கா" என்றான் சேது.

சாயங்காலம் மச்சானின் அச்சகத்துக்குப் போனோம். அக்காவின் கணவர் தங்கராசு லித்தோ அச்சகம் வைத்திருந்தார். காலண்டர் சீசன் தொடங்கியிருந்தது. சேதுவுக்கு மெஷினைக் காட்டலாம் என்று உள்ளே நுழைந்தால் மச்சானின் சத்தம் கூரையைத் தூக்கியது. "ஏலே, நீலம் ஓட்டுன மெஷின்ல எவம்லே மஞ்சளை ஏத்துனது?" அவர் கையில் ஒரு தாள். மஞ்சள் பூசிய முகத்தோடு வரவேண்டிய லட்சுமிக்குக் கன்னத்தில் லேசான பச்சை. எனக்கு முதலில் தெரியவே இல்லை. அவர் நல்ல மஞ்சள் தாளைப் பக்கத்தில் வைத்ததும் தெரிந்தது.

அவசர ஆர்டர். ஒரு கம்பெனியின் லேபிளுக்கு நீலம் ஓட்டிய கையோடு, ரோலரை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு, மெஷின்காரர் காலண்டருக்கு மஞ்சள் ஏற்றிவிட்டார். வழக்கம் அதுவல்ல. முதலில் மஞ்சள், அப்புறம் சிவப்பு, கடைசியில்தான் நீலம். மச்சான் என்னிடம் திரும்பி, கோபம் குறையாமலே சொன்னார்: "எம்புட்டுத் தொடைச்சாலும் ரோலர்ல நீலம் ஒளிஞ்சு கெடக்கும் மாப்ள. கண்ணுக்குத் தெரியாது. மஞ்சள் மேல வந்தாத்தான் காட்டிக் குடுக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. சேதுவை வெளியே இழுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். "நீ எந்த வரிசையில் கழுவுவாய்?"

"கீழேயிருந்து மேலே. முதல்ல பழைய அடுக்கு, அப்புறம் புதுசு. எல்லாரும் அப்படித்தானே?"

உண்மை. நிலவியல் படித்தவன் கை அப்படித்தான் போகும். பழையதிலிருந்து புதியதுக்கு வருவது எங்களுக்கு மூச்சு விடுவது மாதிரி. பாறை அடுக்கை அப்படித்தான் படிப்போம், எழுதுவோம், அதே வரிசையில் கழுவியும் தொலைப்போம். அதாவது, வரம்புக்காரர்கள் மொய்க்கிற கல்லைச் சலித்த சல்லடையில்தான், அவர்கள் இருக்கவே கூடாத கல்லை அடுத்ததாகச் சலித்திருக்கிறான். நீலம் ஓட்டிவிட்டு மஞ்சள் ஏற்றியிருக்கிறான்.

சொன்னேன். சேதுவின் முகம் சிவந்துவிட்டது. "என்னை அரைகுறைன்னு சொல்றியா? ஒவ்வொரு தடவையும் குழாய்க்குக் கீழே வைத்து எவ்வளவு நேரம் அலம்புவேன் தெரியுமா?" விடுவிடென்று தெருமுனை வரை நடந்தான். பிறகு அவனே வந்து, "சரி, எப்படிச் சோதிக்கலாம்?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்காகவே அவனை எனக்குப் பிடிக்கும்.

இரண்டு பேருமாகத் திட்டம் போட்டோம். மேல் கல்லை இரண்டாக உடைப்பது. முதல் பாதியைப் புதுச் சல்லடையில், எல்லாவற்றுக்கும் முன்னால் சலிப்பது. அதன்பின் கீழ்க்கல். அதன்பின் சல்லடையை நன்றாக அலம்பிவிட்டு மேல் கல்லின் இரண்டாம் பாதி. நடுவில் ஒரே ஒரு வேலை: அலம்பிய சல்லடையைச் சாயத்தில் முக்குவது. வலையில் எவனாவது ஒளிந்திருந்தால் அவன் மேல் நிறம் ஏறிவிடும். மச்சானிடம் கேட்டேன். அவர் கோபமெல்லாம் பறந்து குஷியாகிவிட்டார். "வெடிக் காயிதத்துக்குப் போடுத நீலச் சாயம் தாரேன். ஒருதரம் புடிச்சா விடாது. ஒளிஞ்சிருக்கவன் கையும் களவுமா மாட்டுவான்!"

மறுநாள் காலை வெம்பக்கோட்டை. சிவகாசியிலிருந்து பதினேழு, பதினெட்டு கிலோமீட்டர். அக்கா வீட்டுத் தோட்டமும் கிணறும் அங்கே இருந்தன. பஸ் முழுக்கப் பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர்கள். பாதி வழியில் கண்டக்டர் மூக்கை உறிஞ்சினார். "யாரு மண்ணெண்ணெய் வச்சிருக்கது?" ஷேலை ஊறவைக்கச் சேது ஒரு பாட்டில் நிறைய வைத்திருந்தான், மூடி லேசாகக் கசிந்திருந்தது. அவன் பெருமையாகக் கையைத் தூக்கினான். பஸ் நின்றது.

"படிச்ச ஆளுகதானே நீக? கம்பெனி வாசல்ல நிக்கித பஸ்ஸுல, மருந்துத் துணியோட ஏறுத ஆளுகளுக்கு மத்தியில இதையா கொண்டாருவீக? எறங்குங்க, எறங்குங்க."

விளக்கம் சொல்ல வாயெடுத்த சேதுவை நானே கீழே தள்ளினேன். உள்ளூர்க்காரனான நான் அவன் பெட்டியைச் சோதித்திருக்க வேண்டும். மீதித் தூரத்தைக் கரிசல் வெயிலில் நடந்தே கடந்தோம். டிரங்குப் பெட்டியை மாறி மாறிச் சுமந்ததில் இரண்டு பேருக்கும் தோள் வீங்கிவிட்டது.

செய்முறை எளிது. கல்லைச் சிறு துண்டுகளாக உடைத்து வெயிலில் ஈரம் போகக் காயவைக்க வேண்டும். காயவைக்க எங்கள் ஊரைப் போல் ஓர் இடம் உண்டா? நன்றாகக் காய்ந்ததும் மண்ணெண்ணெய் ஊற்றினால் குடித்துக்கொள்ளும். பிறகு அதை வடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் கல் தானாகக் குழைந்து சேறாகிவிடும். ஒரு நாள் ஊறட்டும் என்று மூன்று சட்டிகளில் தனித்தனியாக மூடி வைத்துவிட்டு, மத்தியானம் ஆலங்குளம் போனோம்.

அங்கே அப்போது சிமெண்ட் ஆலை வரவில்லை. சுண்ணாம்புக் கல் தரையிலேயே வெள்ளையாகத் தெரிந்தது. சுண்ணாம்புக் கல் என்றதும் சேது லென்ஸை எடுத்துக்கொண்டு குந்திவிட்டான். கிளிஞ்சல் ஒன்றுகூட இல்லை, பளபளக்கிற கற்கண்டுப் படிகம்தான். பூமிக்கடியில் வெந்து உருமாறிய கல், கிளிஞ்சல் என்ற ஒன்றே உலகத்தில் தோன்றாத காலத்தது. "உங்க ஊர்ல ஒண்ணும் இல்லையேடா" என்று உதட்டைப் பிதுக்கினான். "அதுதான் வசதி. நாளைக்கு உன் சட்டியில் வரம்புக்காரன் வந்தால், எங்க மண்ணிலிருந்தோ தண்ணீரிலிருந்தோ வந்தான் என்று எவனும் சொல்ல முடியாது" என்றேன். யோசித்துப் பார்த்துத் தலையாட்டினான்.

மூன்றாம் நாள் காலை. கிணற்றுத் தண்ணீரை வேட்டித் துணியில் வடிகட்டிக்கொண்டோம். முதலில் மேல் கல்லின் முதல் பாதி. சலித்து, தட்டில் காயவைத்து, வெயில் விழுகிற மாதிரி மைக்ராஸ்கோப்பை வைத்தோம். சேது ஈரத் தூரிகை நுனியால் ஒவ்வொன்றாக ஒதுக்கினான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு என்பார்களே, அப்படித் தேடினான். உருண்டை உருண்டையாகச் சின்னக் கிளிஞ்சல்கள் மட்டும்தான். வரம்புக்காரன் ஒருவன்கூட இல்லை. "பாதிதானே பார்த்திருக்கேன்" என்றான். குரல் இறங்கியிருந்தது.

அடுத்தது கீழ்க்கல். தட்டு முழுக்க வரம்புக்காரர்கள். எத்தனை அழகு! சங்கு மாதிரி சுருண்டு, ஓரத்தில் இரண்டு வரப்பு எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தார்கள். பிறகு சல்லடையைப் புரட்டிப் போட்டு, தட்டி, வாளி வாளியாக அலம்பினான். அலம்பியதை நான் குறை சொல்ல முடியாது. வலையை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தோம். துளி அழுக்கில்லை. நீலச் சாயத்தில் முக்கி எடுத்து, வழிகிற தண்ணீர் தெளிகிற வரை மறுபடி அலம்பினோம். கடைசியாக மேல் கல்லின் இரண்டாம் பாதி.

அது காய்கிற வரை இருவரும் தட்டையே சுற்றிச் சுற்றி வந்தோம். சேது குனிந்தான். தூரிகை நகர்ந்தது, நின்றது. "இருக்குடா!" என்று கத்தினான். "வரம்போட இருக்குடா சுந்தரம்! இன்னொண்ணு! ரெண்டு!" கிணற்றடியில் ஒரு குதி குதித்தான். என் நெஞ்சும் குதித்தது, பொய் சொல்ல மாட்டேன். மறுபடி குனிந்து, தூரிகையால் ஒன்றைப் புரட்டிப் பார்த்தான். பிறகு, "நீலமா இருக்குடா" என்றான்.

நான் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று சின்ன உருண்டைகள். நடுவே வரம்புக்காரர்கள் இரண்டு பேர், இரண்டு பேரும் நல்ல வெடிக்காகித நீலம். வேறு ஒன்றின் மேலும் நிறம் இல்லை. இதைவிடத் தெளிவாக ஒரு பதிலை நான் என் ஆராய்ச்சி வாழ்க்கையில் அப்புறம் பார்த்ததில்லை. ஆனால் அந்த நிமிஷம் என்னால் சேதுவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவனுடைய தப்பியவர்கள் யாருமே தப்பவில்லை.

தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்த அக்கா அவனைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டாள். "என்ன தம்பி, மொகம் சுண்டிப்போச்சு?"

"நான் தேடினவங்க யாரும் பொழைக்கலை அக்கா."

அவள் என்னிடம் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, மைக்ராஸ்கோப்பில் கீழ்க்கல்லின் தட்டைப் பார்த்தாள். பிறகு மேல் கல்லின் முதல் தட்டைப் பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் குரல் மாறியிருந்தது. "இங்கன அம்புட்டுப் பேரு. அங்கன ஒருத்தருகூட இல்ல. அப்போ எல்லாரும் ஒரே அடியாவா போனாக?"

பட்டாசு விபத்தில் ஆட்களைக் கூட்டமாகப் பறிகொடுத்த எங்கள் ஊரில் அந்தக் கேள்வியை யாரும் சும்மா கேட்பதில்லை. சேதுவுக்கும் அது எப்படியோ புரிந்தது. அவன் அவளையே பார்த்தான். பிறகு இரண்டு தட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மறுபடி பார்த்தான். "ஆமா அக்கா" என்றான் மெதுவாக. "ஒரே அடியா." தப்பிய மூன்று பேருக்காக அவன் மறந்தே போயிருந்தது அதைத்தான். அந்தக் கோடு அத்தனை கூர்மையானது. அவன் எதையும் இழக்கவில்லை, மங்கலாக இருந்த கோட்டைத் துடைத்துக் காட்டியிருக்கிறான். அக்கா போட்ட சோற்றை ஒரு கை பார்த்துவிட்டு, மத்தியானமே எழுத உட்கார்ந்துவிட்டான்.

சென்னை திரும்பியதும் பேராசிரியரிடம் தன் பழைய முடிவைத் தானே வாபஸ் வாங்கினான். "எங்கே கழுவினாய்?" என்று கேட்டார் அவர். "சிவகாசியில், சார்." "பட்டாசு ஊரிலா?" "கலர் கலக்காமல் வேலை செய்யத் தெரிந்த ஊர், சார்" என்றான் சேது. கும்பகோணத்துக்காரன் வாயிலிருந்து அதைக் கேட்க நான் என்ன புண்ணியம் செய்திருந்தேனோ! சல்லடையைச் சாயத்தில் முக்குகிற வழக்கம் வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களிலும் உண்டு என்று பிற்பாடு ஒரு புத்தகத்தில் படித்தேன். இருக்கட்டும். எங்களுக்கு யாரும் அங்கிருந்து வந்து சொல்லித் தரவில்லை.

இனி, போகிறவர்களுக்கு. விருதுநகரில் இறங்கினால் சிவகாசிக்கு ரயிலும் உண்டு, பஸ்ஸும் அடிக்கடி உண்டு. தீபாவளிக்கு முந்தின மாதம் போனால் அறை கிடைப்பது கஷ்டம், ஊரின் வேகத்தைப் பார்க்க அதுதான் நேரம். பட்டாசு ஆலைகளுக்குள் அனுமதியில்லாமல் போகாதீர்கள். போட்டோ எடுக்க நிற்காதீர்கள், தீப்பெட்டி வேண்டாம், மண்ணெண்ணெயைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். அச்சகத்தில் முன்கூட்டியே கேட்டால் காட்டுவார்கள். கலர் எந்த வரிசையில் ஏறுகிறது என்று கேளுங்கள். வெம்பக்கோட்டையில் நாங்கள் பார்த்த வைப்பாற்றுக்குக் குறுக்கே இப்போது அணை நிற்கிறது. இருக்கன்குடி மாரியம்மனைப் பார்க்க நினைத்தால் சாத்தூர் வழியாகப் போங்கள், ஆடி வெள்ளியில் மட்டும் பஸ்ஸில் உட்கார இடம் எதிர்பார்க்காதீர்கள். கிளிஞ்சல் தேடுகிறவர்கள் அரியலூர்ப் பக்கம் போகலாம், எங்கள் கல்லில் கிடைக்காது. எத்தனை நாள் ஒதுக்கலாம் என்று கேட்டவருக்கு: மூன்று நாள்.

ஒன்றை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தேன். சேதுவின் ஆய்வேட்டுத் தேர்வு எல்லோருக்கும் முன்னால் நடந்தது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், அறையே கேட்கிற மாதிரி கேட்டார்: "இந்தக் கோட்டைத் தாண்டி ஒன்றுகூட மேலே வரவில்லை என்று எப்படி இவ்வளவு அடித்துச் சொல்கிறீர்கள்?" சேது பையிலிருந்து ஒரு கண்ணாடிச் சில்லை எடுத்து அவர் முன்னால் இருந்த மைக்ராஸ்கோப்பில் வைத்தான். "இரண்டு வந்தன, சார். இரண்டுக்கும் நாங்களே கலர் அடித்து வைத்திருந்தோம்." தேர்வாளர் குனிந்து பார்த்தார், நெடுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்து அவர் கைகொடுத்தபோது, பின்வரிசையில் இருந்த எனக்கு எழுந்து நின்று, "அது எங்க ஊர் நீலம்!" என்று கத்த வேண்டும் போலிருந்தது. சபை மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இங்கே எனக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அது எங்க ஊர் நீலம்.